கம்பளிக் காலுறையில் ஒரு சால்சா

1986 நவம்பர், ஒரு சனிக்கிழமை மாலை. இடம்: கொடைக்கானல் செண்பகனூரில் ஒரு மண்டபம். நிகழ்ச்சி: ஐம்பதைக் கடந்தவர்களுக்கு வெளிநாட்டுத் தம்பதியர் கற்றுத்தரும் சால்சா நடனம். காயம்: எவருக்கும் இல்லை. சேதம்: காலுறை ஒன்று.

மனைவி மறைந்தபின் நான் வெளியே சென்ற முதல் மாலை அது. ஓய்வுபெற்ற தத்துவப் பேராசிரியனாகிய நான், பழக்கத்தால் காலணியை வாசலில் கழற்றிவிட்டு, அவள் பின்னிய கம்பளிக் காலுறையுடன் உள்ளே சென்றேன். தரைக்கு அன்றுதான் மெழுகு பூசியிருந்தார்கள்.

என் ஜோடி, ஓய்வுபெற்ற செவிலியர் டெய்சி. கையைக் கோத்து ஒத்திகைக்காக ஒருமுறை சுழன்றதுமே, தேநீர் மேசையை நோக்கி வழுக்கிச் சென்றேன்.

"சார், என்ன இவ்வளவு வெரசா போறீங்க? பாட்டே இன்னும் போடலீங்க!"

"நான் போகவில்லை, அம்மா. தரை போகிறது."

ரப்பர் செருப்பை ஊன்றி, அவர் என்னை இழுத்து நிறுத்தினார். மேசைக்காலில் மாட்டிக் காலுறை கிழிந்தது, இடுப்பெலும்பு தப்பியது. முறிந்திருந்தால், வீட்டில் பார்த்துக்கொள்ள எவருமில்லை.

"செருப்பக் கழட்டிட்டு வர இது என்ன கோயிலாங்க?" என்றார் டெய்சி. அனைவரும் சிரித்தனர்; நானும் சிரித்தேன்.

இப்போதெல்லாம் காலணியுடனேயே ஆடுகிறேன். இன்னும் செய்யாதவை: இடப்பக்கச் சுழற்சியைக் கற்பது; காலுறையின் கிழிசலைத் தைப்பது; எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் அவள் செருப்பை எடுத்து உள்ளே வைப்பது.