தூரம் நிக்கலை

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பதினேழு வருஷம் போய்விட்டது. நோட்டு வாங்குவேன், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடுவேன், மூடி வைத்துவிடுவேன். சுழி மட்டும் போட்ட நோட்டுகள் வீட்டில் மூன்று இருக்கின்றன. விஷயம் பெண்கள் உடம்பு சம்பந்தப்பட்டது. அதிலும் என் மனைவியின் உடம்பு. நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவன். தை அமாவாசை, ஆடி அமாவாசை தவறாமல் ராமேஸ்வரம் போய்க் கடலில் முழுகி வருகிறவன். இப்படிப்பட்ட சங்கதியை எழுதக் கை கூசியது. அவள் உயிரோடு இருந்தபோது அவளிடமே கேட்டேன். "எழுதுங்க. கால் தைலத்த மட்டும் விட்டுறாதீக" என்றாள்.

சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். உச்சிப்புளிக்கு அந்தப் பக்கம், மழையை நம்பி மிளகாய் போடுகிற ஊர் எங்களுடையது. எங்களுக்கு ஒரு மகள். அடுத்துத் தரித்த கரு நாலாம் மாதத்தில் கலைந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில், பெண்களுக்கு மாதாமாதம் வருவதைத் 'தூரம்' என்போம். வேறு சொல் சொல்ல மாட்டோம். தூரமானால் வீட்டுக்குள் வரக்கூடாது. கொல்லையில் இருக்கும் ஓலைக் குடிசையில் தங்க வேண்டும். நின்றதும் தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வரலாம். கரு கலைந்தாலும் அதே சட்டம்தான். அவளும் குடிசைக்குப் போனாள். பத்து நாள் ஆயிற்று, இருபது நாள் ஆயிற்று, நிற்கவில்லை. நிற்காவிட்டால் என்ன செய்வது என்று சட்டத்தில் ஒன்றும் இல்லை.

நான்தான் சமைத்தேன். அவள் வெளுத்துக்கொண்டே போனபோது, என் சமையல்தான் காரணம் என்று நினைத்துக் கொஞ்சம் புளியைக் குறைத்தேன். மகள் குடிசைக்கு ஓடிப்போய் அம்மா மடியில் ஏறிவிட்டு வருவாள். தீட்டு என்று நான் உடனே குளிப்பாட்டுவேன். ஒரு நாளைக்கு ஐந்து தடவை குளிப்பாட்டியதில் குழந்தைக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம். ராமேஸ்வரத்துக்குப் போய்த் தீர்த்தம் கொண்டுவந்தேன். தொடக்கூடாது என்பதால் பத்தடி தள்ளி நின்று அவள்மேல் தெளித்தேன். அன்றைக்குக் காற்று பலம். முக்கால்வாசி முருங்கை மரத்தின்மேல் விழுந்தது. அந்த வருஷம் முருங்கை நன்றாகக் காய்த்தது.

நாற்பதாம் நாள், டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். தூரமான பெண்ணை பஸ்ஸில் நாலு பேர் மேல் படும்படி எப்படிக் கூட்டிப் போவது? அங்கே இருந்த டாக்டரம்மா மலையாளத்துக்காரர், வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நல்ல மனுஷி. நான் கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"வீட்டுல தூரம் நிக்கலைங்க."

எங்கள் ஊரில் 'வீட்டுல' என்றால் மனைவி. டாக்டரம்மாவுக்கு அது வீடு.

"வீடு தூரமோ? எத்தனை மைல்?"

எதற்கு மைல் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. படித்தவர்கள் சுற்றி வளைத்துத்தான் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். "ஏழு மைலுங்க."

"பஸ் நிக்காதோ?"

"நிக்காதுங்க." எங்கள் ஊரில் பஸ் நிற்காது, பக்கத்து ஊருக்கு நடந்துபோய்த்தான் ஏற வேண்டும் என்பதும் உண்மைதான்.

"எத்தனை நாளாய்?"

"நாப்பது நாளுங்க."

"நாற்பது நாளும் நடையா? கால் வலி உண்டா?"

கால் கடுக்கிறது என்று அவள் சொல்லியிருந்தாள். "இருக்குங்க. வீட்டுலதான்." டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டு ஒரு தைலம் எழுதிக் கொடுத்தார். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லாமலே காரியம் முடிந்தது என்று எனக்கு ரொம்பத் திருப்தி. சந்நிதியில் சூடம் பார்த்துவிட்டு வந்ததுபோல் வீடு வந்தேன்.

தைலத்தைக் குடிசை வாசலில் வைத்தேன்.

"இத எங்கன தேய்க்கச் சொன்னாக?" என்றாள்.

"கால்ல."

"கால்லயா?"

"டாக்டரு படிச்சவுக."

பதினோரு நாள் தேய்த்தாள். பன்னிரண்டாம் நாள் காலையில் கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். முதல்முறையாக எனக்குப் பயம் வந்தது. மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பினேன்; மயக்கம் தெளிந்து அவளே தவழ்ந்து ஏறிப் படுத்தாள், ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். அங்கேயும் அவளை உள்ளே கூட்டிப் போகவில்லை. வாசலிலேயே சாமி படமும் விளக்கும் இருந்தன. வேப்பமரத்தடியில் இறங்கிப் படுக்கச் சொல்லிவிட்டு, காலித் தைல பாட்டிலோடு நான் வரிசையில் நின்றேன்.

ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்த அம்மா ஒருவர் வாளியோடு அந்த வழியாக வந்தார். தொண்டிப் பக்கத்து முஸ்லிம் பெண்மணி. மரத்தடியைப் பார்த்தார், சத்தம் போட்டார்.

"ஏய்யா, இது யாரு?"

"வீட்டுலங்க."

"வீட்டுலன்னா ஏன் மரத்தடியில கெடக்கு?"

"தூரமுங்க."

அவர் வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்து என் மனைவியின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். "யா அல்லா, சுண்ணாம்பா இருக்கே! எம்புட்டு நாளா ரத்தம் போகுது, தங்கச்சி?"

அவள் விரல்களைக் காட்டினாள். விரல் போதவில்லை.

"தொடாதீக, தீட்டு" என்றேன்.

"ஒனக்குத்தான்யா தூரம். எனக்குக் கைக்கெட்டுற தூரத்துலதான் கெடக்கு. வந்து காலைப் பிடி, இல்லன்னா வழிய விடு."

காலைப் பிடித்தேன். ஐம்பத்தொரு நாளுக்குப் பிறகு அன்றுதான் அவளைத் தொட்டேன். கால் முழுக்கத் தைல வாசனை.

டாக்டரம்மா அவளைச் சோதித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. "கலைந்த கருவில் மிச்சம் உள்ளே தங்கிப்போயி. அதை எடுக்கணும். உடம்பில் ரத்தமே இல்லை. எடுத்தாலும் பிழைப்பாள் என்று என்னால் சொல்ல ஏலாது. அன்று நீ என்னிடம் என்ன சொன்னாய்?"

"தூரம்னு சொன்னேங்க."

"ரத்தம்னு ஒரு வார்த்தை இருக்கே. உனக்குத் தெரியாதோ?"

"தெரியுமுங்க."

"பின்னே?"

அப்போது ஆயா சொன்னார்: "அந்தாளு வாயில கொழுக்கட்டைய வச்சுருந்தாருங்கம்மா."

கதவைச் சாத்திவிட்டார்கள். அந்தக் கதவுக்கு வெளியே நான் நின்றேன். ராமநாதசாமியைக் கூப்பிட்டேன். பதிகம் ஒன்றும் வாயில் வரவில்லை. "ரத்தம், ரத்தத்த நிப்பாட்டு" என்றுதான் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆயா இரண்டு தடவை வெளியே வந்தார்; இரண்டு தடவையும் என்னைப் பார்க்காமல் போனார். மூன்றாம் தடவை வந்து, "கஞ்சி கேக்குறா. நீ வைக்காத, நான் வைக்கிறேன்" என்றார்.

ஒன்பது நாள் கழித்து வண்டியில் வீடு திரும்பினோம். கொஞ்ச நாளைக்கு இன்னும் லேசாக இருக்கும், பயப்பட வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வண்டியை விட்டு இறங்கியதும் அவள் கொல்லைப் பக்கம் திரும்பினாள்.

"எங்கன போற?"

"குடிசைக்கு. இன்னும் முழுசா நிக்கலைல்ல."

"என்னது நிக்கலை?"

"ரத்தம்" என்றாள், மெதுவாக.

"அதுக்கு டாக்டரம்மா மருந்து குடுத்துருக்காக. குடிசைக்குப் போகச் சொல்லல. உள்ள வா."

"உள்ள சாமி இருக்கே?"

"சாமிக்கும் வீட்டுல அம்மன் இருக்காக. அவுகளுக்குத் தெரியும்."

வந்தாள். இடறாமல் இருக்கக் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு அவளேதான் விளக்கேற்றினாள். அதன்பிறகு முப்பத்திரண்டு வருஷம் ஏற்றினாள். குடிசை ஓலையைப் பிரித்து அடுப்பெரித்தேன்.

இந்தக் கதையை எங்கள் சொந்தக்காரர் ஒருவரிடம் முன்பு சொல்லியிருக்கிறேன். அவர் ஒரு கல்யாண வீட்டில் நாலு பேரிடம் அதைச் சொன்னபோது நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். "இவுக வீட்டம்மாவுக்கு உடம்புக்கு முடியாம இருந்துச்சு, சாமி புண்ணியத்துல சரியாப் போச்சு" என்றார். அவ்வளவுதான். தைலம் இல்லை, மரத்தடி இல்லை, ஆயா இல்லை. எதிரில் வெளுத்த முகத்தோடு ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். அவளுக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை.

அதனால்தான் நாலாவது நோட்டில் எழுதிவிட்டேன். படிக்கிறவர்கள் உங்கள் வீட்டில் சொல்லுங்கள், பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள். நான் அசடாக நின்ற இடங்களைக் கழித்துவிடாதீர்கள். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம். முக்கியமாக, ரத்தம் என்று வருகிற இடத்தில் ரத்தம் என்றே சொல்லுங்கள்.