காருக்குள் அகப்பட்ட தாய்மாமன்

ஸ்ரீஸ்கந்தராஜா லண்டன் லூயிஷாமில் முப்பது வருடம் சத்தமில்லாமல் வாழ்ந்தவர். தபால் பிரிக்கும் வேலை. அவர் வீட்டில் தண்ணீர்கூட அவரிடம் கேட்டுவிட்டுத்தான் கொதிக்கும்.

மகள் தக்ஷிகா ஒசாக்காவில் படிக்கப் போய், அங்கேயே ஒரு பெடியனைப் பிடித்துவிட்டாள். பெடியனின் தாய் மிச்சிகோவுக்கு இரைச்சல் ஆகாது. எங்கள் குடும்பம் மிக அமைதியானது என்று மகள் அளந்துவைத்திருந்தாள். ஞாயிறு பகல் பன்னிரண்டுக்கு மிச்சிகோ வீடியோவில் பேசுவார், சம்மதம் அதில்தான் தெரியும் என்றாள். மனிதர் ஏற்கெனவே ஆறு மாதம் ஜப்பானிய மொழி படித்திருந்தார். 'சவகஷீ' என்றால் ஒரே ஆரவாரம், கூச்சல். அது எங்கள் வீட்டில் கிடையாது என்று சொல்வதற்காகவே அந்தச் சொல்லை நெட்டுருப் போட்டார்.

அதே ஞாயிறு கிங்ஸ்பரி மண்டபத்தில் தங்கை மாலினியின் மகளுக்குச் சாமத்திய வீடு, பூப்பு நீராட்டு விழா. தாய்மாமன் பெண்ணின் தலையில் பாலறுகு வைக்காமல் ஒன்றும் தொடங்காது. சுபநேரம் பன்னிரண்டேகால். அதற்குள் பேசிவிடலாம் என்று மண்டபத்து வாசலில் நின்ற தன் காருக்குள் போய்க் கண்ணாடிகளை ஏற்றி, கண்ணை மூடி, வசனங்களைச் சொல்லிப் பார்த்தார். கண்ணைத் திறந்தபோது நாலு பக்கமும் கார்கள். கதவு ஒரு சாண் திறந்தது. அவருடைய வயிற்றுக்கு அது காணாது.

போன் அடித்தது. திரையில் மகளும், கைகட்டி அமர்ந்த மிச்சிகோவும். அந்த நேரம் பார்த்து மண்டபத்து ஒலிபெருக்கி தாய்மாமனைக் கூப்பிட்டது. எண்ணூறு பேர் தேடினார்கள். நான் குறைத்துத்தான் சொல்கிறேன். கண்டுபிடித்ததும் மேளகாரர் காரைச் சுற்றி நின்று அடித்தார்கள். உள்ளே மூச்சு முட்டியது.

"அண்ணை, நேரம் போகுது. உதுக்குள்ள என்ன நித்திரையோ?" என்று மாலினி கண்ணாடியைத் தட்டினாள். அவர் அதை இறக்க, பாலறுகுத் தட்டோடு அவள் கை உள்ளே வந்தது. மாலினியின் ஒல்லி மகளைக் கார்களுக்கு இடையால் பக்கவாட்டில் நகர்த்திக் கொண்டுவந்தார்கள். அவருக்கு ஒரு கையில் போன். மறுகையால் கண்ணாடிக்கு வெளியே குனிந்த தலையில் பாலும் அறுகும் வைத்தார்.

படித்ததெல்லாம் பறந்துபோய், மிஞ்சிய ஒரே சொல் வாயில் வந்தது: "சவகஷீ."

மிச்சிகோ ஏதோ கேட்டார்.

"அப்பா, இவையெல்லாரும் கலியாணத்துக்கு வருவினமோ எண்டு கேக்கிறா," என்றாள் தக்ஷிகா, அழும் குரலில்.

இல்லை என்று சொன்னால் சம்மதம் கையில். ஆனால் மாலினியின் கை கண்ணாடிக்குள்ளேயே இருந்தது.

"ஓம், எல்லாரும் வருவினம். இவையள் விட்டால்தானே நான் இறங்கவே ஏலும்."

தக்ஷிகா தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். மிச்சிகோ கட்டியிருந்த கையை எடுத்துப் பதில் சொன்னார்.

"ஓமாம் அப்பா. ஆனால் கலியாணம் லண்டனிலதானாம். தன்ர அயலுக்குள்ள சனம் நித்திரை கொள்ளவேணுமாம்."

மாலினி அதை ஒலிபெருக்கியில் சொன்னாள். மேளம் இரட்டிப்பானது. எல்லோரும் சாப்பிட ஓடினார்கள். கார்களை எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சம்பந்தியானவருக்கு நாலு மணிவரை சோறு கண்ணாடி வழியாகத்தான் போனது.