பிரிவில் ஒரு பிழை

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கும் எனக்குக் கலப்பிரிவு என்ற பாடத்தில் தனிப் பிரியம். உடலின் அடிப்படை அலகான கலமும் என்னைப் போலவே ஒரு சந்தேகப் பிராணி. இரண்டாகப் பிரிவதற்கு முன், குரோமோசோம் என்கிற ஒவ்வொரு நிறமூர்த்தத்தையும் இரு பக்கத்து நார்களும் இறுகப் பிடித்திருக்கின்றனவா என்று பார்க்கும். ஒன்று பிடிபடாமல் நின்றாலும் பிரிவை மறித்து வைக்கும். கரைவலையைப் போல என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். இரண்டு கயிற்றிலும் இழுவை இருந்தால்தான் வலை ஒழுங்காகக் கரையேறும். பெண்ணுக்கு வயது ஏற ஏற, முட்டையில் இந்தக் காவல் தளர்ந்துவிடும் என்பதையும் சொல்வேன்.

நாற்பதை நெருங்கிய வயதில் எனக்கு இரண்டாவது கருவும் கலைந்தபோது, அதில் ஒரு நிறமூர்த்தம் கூடுதலாக இருந்ததாகப் பரிசோதனையில் தெரிந்தது. யாரிலும் பிழையில்லை என்றார் டொக்டர். அந்தப் பதில் எனக்குச் செமிக்கவில்லை. பிறகு கணவர் தனியாகப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தார். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டதற்குச் சும்மாதான் என்றார். சும்மா டொக்டரிடம் போகிற மனிதரை நான் கண்டதில்லை.

அன்றிலிருந்து அவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு கேற்றடிக்குப் போனார். ஒருநாள் குசினி ஜன்னலால் காதைக் கொடுத்தேன். தன் தாயோடு கதைத்துக்கொண்டிருந்தார். "பிரிவு" என்ற சொல் தெளிவாகக் கேட்டது. "அவவிட்ட ஒண்டும் கதைக்காதேங்கோ" என்றதும் கேட்டது. என்னை விட்டுப் போகப் போகிறார் என்று முடிவு கட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாம்பல்தீவிலிருந்து மாமி வந்து இறங்கினார். பேசித் தீர்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நாங்கள் இருக்கும் இந்த லிங்கநகர் வீடு என்னுடைய சீதனம், போவதென்றால் உங்கள் மகன்தான் போகவேண்டும் என்று பதிலையும் ஆயத்தமாக வைத்திருந்தேன்.

மாமி குசினிக்குள் வந்து என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, கலம் பிரியேக்க அவனிலதான் பிழையாம். டொக்டர் சொன்னவராம். உனக்குச் சொல்ல வேண்டாமெண்டவன். அதுக்காக அவனை விட்டிடாதை."

வாசலில் நின்ற கணவரைப் பார்த்து, டொக்டர் உண்மையில் என்ன சொன்னார் என்று கேட்டேன். அவர் தாயை ஒருமுறை பார்த்தார்.

"நீர் வகுப்பில படிப்பிக்கிறதைத்தான் சொன்னவர்."

வயது ஏற ஏறத் தளரும் அந்தக் காவல் நினைவுக்கு வந்தது; நான் அழுதுவிட்டேன். மாமிக்கு அது விளங்கவில்லை. மகனின் குறையை நினைத்துத்தான் நான் அழுகிறேன் என்று எண்ணி, கணவரை ஏசத் தொடங்கினார். அவர் அத்தனையையும் வாங்கிக்கொண்டு நின்றார்.