நனையாத அட்டை

யுத்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வவுணதீவுக்கு அப்பால் ஆற்றில் குளிக்கப் போகத் திட்டம் போட்டேன். எப்படியும் வளைந்து கொடுக்கும் திட்டம் என்று பெருமை வேறு: ராணுவம் பாதை திறந்தால் போவது, அலுத்தால் அவரவர் திரும்புவது. தன் சைக்கிளில் கூட வந்தவன் தவம், என்னோடு வேலை செய்த நண்பன்.

குளிப்பவர்களின் அடையாள அட்டை நனையாதிருக்க, ஒருவர் அவற்றைக் கரையில் வைத்திருப்பது அப்போதைய வழக்கம். நீந்தத் தெரியாததால் அந்தப் பதவி எனக்கு. ஒரு மணித்தியாலத்தில் எறும்புகள் என்னைப் பதவி விலக வைத்தன.

“நான் முன்னால போறன்,” என்றேன்.

“போ மச்சான். ஆத்துக்கு வந்து நனையாமப் போற ஆள் நீ ஒருத்தன்தான். நான் பின்னால வாறன்.”

சோதனைச் சாவடியைத் தாண்டி, தேத்தண்ணிக் கடையில் காசெடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டேன். இரண்டு அட்டைகள் ஒட்டிக்கொண்டு வந்தன: என்னுடையதும் தவத்தினுடையதும். அட்டை இல்லாதவனைச் சாவடியில் விடமாட்டார்கள்.

திரும்பி ஓடினேன். சாவடியருகே தவத்தின் சைக்கிள் மட்டும் நின்றது. அட்டையை நீட்டினேன். அப்படி ஒருவரும் வரவில்லை என்றார்கள்.

அன்றிரவும் தவம் வீடு திரும்பவில்லை. அவன் அம்மா கேட்டார், “அவன்ட அட்டை எங்க தம்பி?”

“ஆத்துல விழுந்திருக்கும், மாமி.”

அதன்பின் பாதை திறந்த நாளெல்லாம் மாமி அந்த ஆற்றுக்குப் போனார். “அடியில கொஞ்சம் தடவிப் பாருங்க தம்பிமாரே, என்ட மகன்ட அட்டை கிடக்கும். அதக் காட்டினா விட்டிருவாங்க,” என்று குளிப்பவர்களிடம் கேட்பாராம்.

மாமி இப்போது இல்லை. அதனால்தான் எழுதத் துணிந்தேன். அட்டை என் அலுமாரியில் இருக்கிறது. கொடுத்த வேலையில் நான் குறை வைக்கவில்லை. இன்றுவரை அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை.