தொட்டியின் கடைசி அறை

மீன் தொட்டிக்கு வயிறு கீழே இருக்கும் என்பதை மச்சான் சொல்லித்தான் அறிந்தேன். மச்சான் என்றால் என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர். கட்டாரில் ஒரு பெரிய ஹோட்டலின் கடல்மீன் தொட்டிகளைப் பல வருடம் பராமரித்துவிட்டு வந்தவர், சாய்ந்தமருதில் ராத்தாவின் வீட்டு முன் ஹாலில் அப்படி ஒன்றைக் கட்டினார். பார்ப்பவர் கண்ணுக்கு மேலே மீன், பாறை, வெளிச்சம். கீழே அலுமாரிக் கதவுக்குப் பின்னால், ‘சம்ப்’ என்று அவர் சொன்ன இன்னொரு கண்ணாடித் தொட்டி. மேலிருந்து வழியும் அழுக்குத் தண்ணீர் அதன் அறைகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் புகுந்து சுத்தமாகும். கடைசி அறையிலுள்ள மோட்டர் அதை மறுபடி மேலே அனுப்பும்.

இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் பக்கத்தில், கலியாணத்தோடு வீடு பெண்ணுக்கு எழுதப்படும். மாப்பிள்ளைதான் அங்கே குடிவருவார். மச்சானும் மருதமுனையிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தவர். கதிரையை எங்கே போடுவது என்பதைக்கூட உம்மாதான் சொல்லுவார். அந்த வீட்டில் மச்சான் யாரையும் கேட்காமல் இடம்பிடித்தது இந்தத் தொட்டிக்கு மட்டும்தான். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது வீட்டுக்குள் எதற்கு இன்னொரு கடல் என்று அயலவர்கள் சிரித்தார்கள். “இதுல எது மச்சான் பொரிக்கிறதுக்கு?” என்று நானும் கேட்டு வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. இந்த வேலை ஊரில் பிடிபட்டால் இனிக் கட்டாருக்குப் போகத் தேவையில்லை என்று ராத்தாவிடம் சொல்லியிருந்தார். ராத்தா அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஹாலில் பாதி பறிபோனதைப் பொறுத்துக்கொண்டாள்.

அறைகளை அடுக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதலில் பாசியை முன் அறையில் வைத்தார். வந்த அழுக்கெல்லாம் அதன்மேல் படிந்து ஹாலே நாறியது. கண்ணாடித் தகடுகளைப் பிடுங்கி, பசை சுரண்டி, மறுபடி ஒட்டினார். முன்னால் அழுக்கை வடிக்கும் துணிப்பை, அடுத்து நுரை எடுக்கும் கருவி, அதன் பிறகுதான் பாறையும் பாசியும். மோட்டர் அறைக்கு முன்னால் தண்ணீர் ஏறி இறங்கிப் போகும்படி மூன்று தகடுகள். குமிழிகள் அங்கேயே உடைந்துவிடும். கடைசி அறையை மட்டும் எப்போதும் குறையாகவே வைத்திருந்தார். கரண்ட் போனால் மோட்டர் நிற்கும், மேலே உள்ள தண்ணீரில் ஒரு பங்கு கீழே இறங்கும், அது தங்க இடம் வேண்டும். வந்து பார்த்த எல்லோருக்கும் இதைச் சலிக்காமல் விளக்கினார். ராத்தாவுக்கு விளக்க அவருக்குத் தோன்றவில்லை.

அறுகம்பேயில் தங்குமிடம் நடத்தும் ஒருவர் தன் முன்கூடத்தில் இப்படி ஒன்று வைக்க ஆசைப்பட்டு, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பார்க்க வருவதாகச் சொன்னார். அந்த ஒரு வேலை கிடைத்தால் மற்ற ஹோட்டல்காரர்களும் வருவார்கள் என்பது மச்சானின் கணக்கு. ராத்தா காலையிலேயே வீட்டைக் கழுவிவிட்டாள். கரண்ட் போனால் குழாயும் நின்றுவிடும் ஊர் எங்களுடையது. விருந்தாளி வருமுன் வாளி, குடம், சட்டி எல்லாம் தளும்ப நிரப்பி வைப்பது எங்கள் பெண்களின் பழக்கம். நிரப்பிக்கொண்டே வந்தவள் அலுமாரியைத் திறந்தாள். ஓர் அறை குறையாகக் கிடந்தது. கிணற்றுத் தண்ணீரை அள்ளி அதையும் விளிம்புவரை நிரப்பிவிட்டாள்.

வந்தவர் தொட்டியைப் பார்த்துச் சொக்கிப்போய், வட்டிலப்பத் தட்டைக் கையில் ஏந்தியபடி மச்சானிடம் அளவு பேசிக்கொண்டிருந்தார். அப்போது கரண்ட் போனது. சற்று நேரத்தில் அலுமாரிக்கு அடியிலிருந்து தண்ணீர் ஊர்ந்து வந்து கம்பளத்தை நனைத்தது. அவர் தட்டோடு இரண்டு கால்களையும் கதிரைக்கு மேலே தூக்கிக்கொண்டார்.

“நான்தான் நிரப்பின. குறையாக் கிடந்திச்சி,” என்றாள் ராத்தா.

“ஒண்டுமில்ல புள்ள. துடைக்கச் சீலய எடு,” என்றார் மச்சான்.

வந்தவர் நாகரிகமானவர். “யோசிச்சிட்டுச் சொல்றன்” என்றுவிட்டுப் போனார். சொல்லவேயில்லை. எனக்கு மச்சான்மேல்தான் கோபம் வந்தது. ஊருக்கெல்லாம் விளக்கியவர் வீட்டில் இருக்கிறவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நோன்பு முடிந்ததும் அவர் மறுபடி கட்டாருக்குப் போனார். போகுமுன் ராத்தாவைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வோர் அறையையும் காட்டிக்கொடுத்தார். அவள் தலையாட்டிக்கொண்டே அழுதாள்.

அவர் போன பிறகு ராத்தா தொட்டியைக் குறை சொல்ல முடியாதபடி பார்த்துக்கொண்டாள். மச்சான் நாள்தோறும் போனில் வருவார். சலாத்துக்கு அடுத்த பேச்சு “மீன் எப்பிடி இரிக்கி?” என்பதுதான். நுரை எடுத்தாயா, பை கழுவினாயா என்று நீண்டுகொண்டே போகும். போன மாரியில் காற்றும் மழையும் அடித்து, கரண்ட் நாட்கணக்கில் வராமல் போனது. அறைகளெல்லாம் சரியாகத்தான் இருந்தன; மீன்கள்தான் மிதந்தன.

போன் லைன் திரும்பி வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். மச்சான் ஸ்பீக்கரில் வழக்கம்போல் மீனைப் பற்றிக் கேட்டார்.

“எல்லாம் செத்துப் பெயித்து,” என்றாள் ராத்தா. “இனி நீங்க கேக்கிறதுக்கு நான் மட்டுந்தான் இரிக்கன்.”

அடுத்து மோட்டரைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

“நீ சாப்பிட்டியா?” என்றார்.

ராத்தா போனை என் கையில் திணித்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். சாப்பிட்டாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பிட்டாள் என்று நான்தான் சொன்னேன்.