காலர் பொத்தான் வரைக்கும்

பெரில் டிரான்ட்டருக்கு எங்கள் ஹோட்டலில் சம்பளம், அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களை மேய்ப்பதற்கு. ஆனால் ஊருக்கு அவரைத் தெரிந்தது வேறொரு காரியத்தால். தினமும் மாலை நாலு மணிக்கு, தேநீர் குடிக்க வந்தவர்களையெல்லாம் ஆற்றுப் பக்க வாசலுக்குக் கூட்டிப் போவார். அந்த வாசலின் மர நிலையில் ஒரு கோடும், பக்கத்தில் 1947 என்றும் வெட்டியிருக்கும். செவர்ன் ஆறு அந்த வருஷம் ஹோட்டலுக்குள் நுழைந்து நின்ற உயரம் அது. வெட்டியவர் பெரிலின் அப்பா வில்ஃப். அப்போது இங்கே பீர்க் கிடங்கில் வேலை பார்த்தவர்.

“எங்கப்பா இந்த எடத்துலதான் நின்னாரு. தண்ணி அவரு காலர் பொத்தான் வரைக்கும் வந்துச்சு. நானும் அவரும் ஒரே உசரம், பாத்துக்குங்க” என்று சொல்லி முதுகை நிலையில் ஒட்டி நிற்பார். கோடு அவருடைய மேல் பொத்தானுக்கு நேராக இருக்கும். எல்லாரும் படம் எடுப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக நான் இங்கே சமையல்காரன். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பெரிலுக்கு ஒரு நாளும் அலுக்கவில்லை.

ஒரு மே மாதம் ஆஸ்பரி என்று ஒருவர் வந்து தங்கினார். பாலம் கட்டும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மட்டம் பார்க்கும் சின்னக் கருவி ஒன்று இன்னும் சட்டைப் பையில் இருந்தது. முப்பதடி தள்ளி இருக்கும் தேவாலயச் சுவரிலும் 1947 கோடு உண்டு. காலையில் அதைப் பார்த்துவிட்டு வந்த மனிதர், நாலு மணிக்கு எல்லார் முன்னாலும் சொன்னார்: “உங்க கோடு ஒசக்க இருக்கும்மா. ஒரே வெள்ளம் ரெண்டு மட்டத்துல நிக்காதே.”

பெரில் சிரித்து மழுப்பிவிட்டார். ஆனால் பூட்டிய இழுப்பறையைக் கண்டால் சாவி தேடுகிற ஜாதி அவர். மறுநாளே கிடங்கிலிருந்து பீர் ஓடும் கண்ணாடி மாதிரிக் குழாயை எடுத்து வந்தார். நான் பீட்ரூட் வேகவைத்த தண்ணீரை அதில் நிரப்பினேன். ஒரு முனையை ஆஸ்பரி தேவாலயக் கோட்டருகே பிடித்தார், மறுமுனையை நான் எங்கள் நிலையருகே பிடித்தேன். அங்கே சிவப்புத் தண்ணீர் கோட்டைத் தொட்டபோது, இங்கே எங்கள் கோட்டுக்கு ஏழு அங்குலம் கீழே நின்றது.

மேனேஜர் பிலிப்பா வெளியே வந்து, இதையெல்லாம் யார் கேட்டார்கள், விளம்பரத்தில் ‘ஊரிலேயே உயரமான கோடு’ என்று போட்டாயிற்று, குழாயைச் சுருட்டுங்கள் என்றாள். பெரில் அவளைக் கவனிக்கவே இல்லை. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: “எங்கப்பா பொய் சொல்லிட்டாரா, கண்ணு?”

வில்ஃப் பிடித்த மீனெல்லாம் சொல்லச் சொல்ல வளரும் என்பது ஊருக்கே தெரியும். அதனால்தான் அந்தக் கேள்வி பெரிலை அப்படி அறுத்தது. அன்று நாலு மணிக்கு அவர் வாசலுக்கு வரவில்லை. அடுத்த இரண்டு நாளும் வரவில்லை. எனக்கு ஆஸ்பரி மேல் வந்த கோபத்தில் அவருடைய முட்டைகளைக் கல்லாக வேகவைத்து அனுப்பினேன். அந்த ஆள் ரசித்துச் சாப்பிட்டார்.

நாலாம் நாள், தட்டுகளோடு சமையலறையிலிருந்து நடைக்கு ஏறும்போது வழக்கம்போல் அந்தப் பாழாய்ப்போன படியில் இடறினேன். ஒரு கோப்பை உடைந்தது. உள்ளே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த பெரில் கோப்பையைப் பார்க்கவில்லை, படியைப் பார்த்தார்.

“அது எவ்ளோ உசரம்?”

மாவு வெட்டும் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். ஏழு அங்குலம்.

இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. பெரிய வெள்ளம் வடிந்தால் தரையை உயர்த்திப் போடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். அந்த வெள்ளத்துக்கு அப்புறம் ஆற்று வாசல் இருக்கிற நடையை உயர்த்தியிருக்கிறார்கள். அடுப்புகளை நகர்த்த முடியாமல் சமையலறையை மட்டும் பழைய மட்டத்திலேயே விட்டிருக்கிறார்கள். தலை இடிக்கக் கூடாதென்று வாசல் நிலையையும் பெயர்த்து, அதே ஏழு அங்குலம் ஏற்றி வைத்திருக்கிறார்கள். நிலையில் வெட்டிய கோடும் கூடவே ஏறியிருக்கிறது.

“வீடுதான் ஏறியிருக்கு. எங்கப்பா ஏத்திச் சொல்லல” என்றார் பெரில்.

உடனே குழாய் வந்தது, ஆஸ்பரியும் வந்தார். இந்த முறை மறுமுனையை நான் சமையலறைச் சுவரில் பிடித்தேன். தண்ணீர் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். பெரில் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அந்தப் பழைய தரையில் நின்று, முதுகைச் சுவரில் ஒட்டினார். பென்சில் கோடு பொத்தானுக்கு நேராக இருந்தது.

நான் கைதட்டப் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். ஒரு விரலால் அந்தப் பொத்தானைத் தொட்டுக்கொண்டு, எதிரே என் அடுப்பையும், மேசையையும், ஜன்னலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“நெஜமாவே இவ்ளோ ஆழத்துல நின்னிருக்காரு” என்றார். “முப்பது வருசமா எல்லாருக்கும் சொன்னேன். நானே நம்பல, கண்ணு.”

மணி நாலடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, விருந்தாளிகளைக் கூப்பிட நடைக்குப் போனார். பதினெட்டுப் பேர் என் சமையலறைக்குள் வந்தார்கள். நான் சூப்பை அடுப்பிலிருந்து இறக்கி வைத்து இடம் விட்டேன்.