கலியன் மிதித்த பிராகாரம்

மன்னர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பிறந்த நாளைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முடிசூடிய நாளிலிருந்துதான் அவர்களுக்குக் கணக்கு. மரக்காணம் உப்பளத்துக் கலியனுக்கும் அந்த முறைதான் ஒத்துவரும். அவர் பிறந்த தேதி அவருக்கே தெரியாது. ஆதார் அட்டையில் ஜனவரி ஒன்று என்று இருக்கிறது. அவர் தெருவில் பாதிப் பேர் அன்றைக்குத்தான் பிறந்திருக்கிறார்கள். ஆனால் அவர் ஈஸ்வரன் கோயில் காவலாளாகப் பொறுப்பேற்ற நாளை ஊரே சொல்லும். அன்று உச்சிவெயில் நேரத்தில் கலியன் நிழலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கல்யாணப் பந்தலைத் தவிர வேறெங்கும் அவரை அப்படிப் பார்த்தவர்கள் கிடையாது.

அதற்கு முந்தைய காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அது முழுக்க ஒரே மாதிரி இருந்ததால். மழை ஓய்ந்து பொங்கல் முடிந்ததும் உப்புப் பாத்திகளில் தேங்கிய தண்ணீரை இறைத்துவிட்டு, அடியில் கிடக்கும் சேற்றைக் காலால் மிதிக்க வேண்டும். சேறு இறுகி, காய்ந்து, மறுபடி நனைந்து, மறுபடி மிதிபட்டுக் கடைசியில் சிமென்ட் தரை மாதிரி ஆக வேண்டும். சரியாக மிதிக்காத பாத்தி, விட்ட தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல இருக்கும். கலியன் மிதித்த பாத்தி ஒரு சொட்டுக் குடிக்காது. அதில் விளையும் உப்பில் மண் கலக்காது. இந்தப் புகழுக்கு அவர் கொடுத்தது தன் பாதங்களை. குதிகால் வெடிப்புகளுக்குள் உப்புத்தண்ணீர் ஏறி, படுத்தால் எரியும். ஒரு டாக்டர் களிம்பு எழுதிக்கொடுத்து, தண்ணீரில் நிற்காமல் இருந்தால் தானாக ஆறிவிடும் என்றார். கலியன் களிம்பை மட்டும் ஏற்றுக்கொண்டார்.

அவர் மனைவி சுலோசனா அதே உப்பளத்தில் உப்பு சுமக்கிறவர். கணவர் மிதித்த பாத்தியிலிருந்து மனைவி சுமந்து கரையேற்றுவது என்ற ஏற்பாட்டில் இருபத்தைந்து வருஷ இல்லறம் நடந்தது. சண்டைகளும் அந்தப் பாத்திக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும், வீட்டுக்கு வரும்போது இரண்டு பேருக்கும் தெம்பு இருக்காது.

இனி கோயில். உப்பளத்தின் மேற்கு ஓரத்தில், பனைமரங்களுக்கு நடுவே, கருங்கல்லில் கட்டிய சின்னச் சிவன் கோயில். கருவறை, அதற்கு முன்னால் ஒரு மண்டபம், சுற்றிலும் பிராகாரம். எந்த ராஜா கட்டியது என்பதில் ஊரில் இரண்டு கட்சிகள். பல்லவன் கட்சிக்கு ஆதாரம், மண்டபத் தூண் ஒன்றின் அடியில் உட்கார்ந்திருக்கும் சிங்கம். அது சிங்கமே இல்லை, பூனை என்பது சோழன் கட்சியின் முடிவு. சோழன் கட்சிக்கு ஆதாரம், கோயிலில் நந்தி இருப்பது. தஞ்சாவூரிலும் நந்தி இருக்கிறதல்லவா? நந்தி இல்லாத சிவன் கோயிலைக் காட்டச் சொல்லிப் பல்லவன் கட்சி டீக்கடையில் சவால் விட்டது. யாரும் காட்டாததால் இரண்டு பக்கமும் வெற்றி அறிவித்தார்கள்.

உண்மையைச் சொல்லக்கூடிய இடம் ஒன்று இருந்தது. கருவறையைத் தாங்கும் அடிப்பகுதியில், உருண்டு திரண்ட கல் வரிசையில், எழுத்து வெட்டியிருந்தது. ஆனால் ஒவ்வொரு சிவராத்திரிக்கும் பக்தர்கள் அதன்மேல் சுண்ணாம்பு அடித்து வந்தார்கள். பல தலைமுறை பக்தி ஒரு விரல்கடை கனத்துக்கு ஏறியிருந்தது. ராஜா உள்ளே பத்திரமாக இருந்தார்.

சோழன் கட்சியின் தலைவர் பாலகுரு. உப்பளத்தில் நிறைய பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர், திருப்பணிக் கமிட்டித் தலைவரும் அவரே. கும்பாபிஷேகம் நடத்திவிட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. அதற்கு இடைஞ்சலாக இருந்தது பிராகாரம். காலப்போக்கில் சுற்றியுள்ள நிலம் மேடாகிவிட, கோயில் பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டது. மழை பெய்தால் தண்ணீர், மழை விட்டால் சேறு. மொபெட்டில் வந்து பூஜை செய்துவிட்டுப் போகும் தட்சணாமூர்த்தி குருக்கள் ஒருமுறை பால் செம்போடு வழுக்கி விழுந்ததில் பாதி அபிஷேகம் அவருக்கே நடந்தது.

காவலுக்கு ஆள் வேண்டும் என்றபோது கலியன் போய் நின்றார். பாலகுரு யோசித்தார். நல்ல மிதிகாரரை விட மனமில்லை; ஆனால் அந்தக் கால்களைப் பார்த்தபின் மறுக்கவும் முடியவில்லை. முதலில் தரையைச் சரி பண்ணட்டும், கும்பாபிஷேகம் முடிந்ததும் வேலையை நிரந்தரமாக்கிவிடலாம் என்று சொன்னார். கலியனுக்கு இதைவிடப் பெரிய வரம் எந்த ஈஸ்வரனும் தந்திருக்க முடியாது. ஒரே ஒரு குறை. செருப்புப் போட்டுக்கொண்டு வேலை செய்யலாம் என்று உப்பளத்தை விட்டவர், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டிய இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். இருந்தாலும் கால் காய்ந்து இருந்தது. வெடிப்புகள் மூடத் தொடங்கின.

இந்த இடத்தில்தான் கலியன் தன் வாழ்நாளின் பெரிய காரியத்தைச் செய்தார்.

தரையைச் சரி பண்ணச் சொன்னால் ஒரு கொத்தனார் மண் கொட்டி மேடாக்கி, தண்ணீர் வெளியேற வழி விடுவார். விவசாயி ஒரு வாய்க்கால் வெட்டுவார். உப்பளத்து மனிதருக்கு நல்ல தரை என்றால் ஒன்றுதான்: தண்ணீரைக் கீழே விடாத தரை. உப்புப் பாத்தியிலிருந்தே நீலக் களிமண்ணைக் கூடை கூடையாகக் கொண்டுவந்தார், அதைவிட நன்றாக இறுகும் மண் அவருக்குத் தெரியாது. பிராகாரம் முழுக்கப் பரப்பினார். பொங்கல் கழிந்து ஆரம்பித்து மாசி பிறக்கும்வரை மிதித்தார். விட்ட வேலையைக் கோயிலுக்குள் செய்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சாமி காரியம் என்றுதான் நினைத்தார். தரை மழமழவென்று வந்தது. குருக்கள் நடந்து பார்த்து, வழுக்கவில்லை என்று சான்று அளித்தார்.

அடுத்த மழையில் அந்தத் தரை தன் குணத்தைக் காட்டியது. விழுந்த தண்ணீர் அப்படியே நின்றது. அபிஷேகத் தண்ணீரும் வந்து சேர்ந்தது. பக்கத்துப் பாத்திகளிலிருந்து மதிலடியில் ஊறி வந்ததும் கலந்தது. கலியனுக்கு அதில் தவறொன்றும் தெரியவில்லை. நின்ற தண்ணீர் அவருக்கு எப்போதுமே நல்ல சகுனம். கோடையில் அது வற்றியபோது ஓரங்களில் லேசாக வெள்ளை படிந்தது. அதைப் பெருக்கித் தள்ளினார். மறு கோடையில் பெருக்க முடியாத அளவுக்கு வந்துவிட்டது. ஒரு காலையில் குருக்கள் கதவைத் திறந்தபோது, கருவறையைச் சுற்றிலும் பிராகாரம் முழுக்க உப்பு பூத்துப் பளபளத்துக் கிடந்தது.

குருக்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாலகுரு ஓடிவந்து பார்த்தார். அவர் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, போனை எடுத்து வீடியோ பிடித்தார்.

பெரிய கோயில்களுக்குத் தலபுராணம் உருவாகச் சில நூற்றாண்டுகள் ஆகும். இந்தக் கோயிலுக்கு ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது. சோழ ராஜா ஒருவர் தீராத தோல் வியாதியோடு இந்தக் கடற்கரைக்கு வந்தார். ஈஸ்வரன் கனவில் தோன்றி, என் சன்னிதியில் உப்பாகப் பூப்பேன், எடுத்துப் பூசிக்கொள் என்றார். ராஜா குணமாகிக் கோயிலைக் கட்டினார். எந்தச் சோழர் என்பதைக் கமிட்டி பின்னர் தீர்மானித்துக்கொள்வதாக விட்டுவிட்டது. கோட்டக்குப்பத்தில் பேனர் அடித்தார்கள். ராஜாவின் படம் கைவசம் இல்லாததால், பாலகுருவின் கல்யாணநாள் போட்டோவுக்குக் கிரீடம் வைத்துக் கொடுத்தார் கடைக்காரர். பல்லவன் கட்சிக்கு இதில் வருத்தம்தான். ஆனாலும் அற்புதத்தில் பங்கு கேட்டு அவர்களும் வந்து வரிசையில் நின்றார்கள். பொம்மையார்பாளையத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கார்கள் வந்தன. சின்னக் காகிதப் பொட்டலத்தில் உப்பு பிரசாதமாகப் போயிற்று. உப்பளத்துப் பெண்களும் வேலை முடிந்து வந்து வாங்கிக்கொண்டார்கள்.

சுலோசனா ஒருத்திதான் வாங்கவில்லை. “நாள் பூரா தலையில சொமக்கறது போதாதா? இங்க வந்து வேற ஒரு சிட்டிகைக்குக் கைய நீட்டணுமா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

கலியனுக்கு இப்போது புதிய வேலை. அற்புதத்தை முதலில் கண்டவர் குருக்கள் என்றாலும், கூடவே இருந்த சாட்சி கலியன். கதவைத் திறந்தோம், சாமி உப்பாகப் பூத்திருந்தார் என்று மட்டும் சொன்னால் போதும் என்று பாலகுரு சொல்லிவைத்தார். கும்பாபிஷேகத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நிரந்தர வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கலியன் அப்படியே சொன்னார். கொஞ்ச நாள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு வருகிறவர்கள் உப்பைக் கையில் எடுத்து வியக்க ஆரம்பித்தார்கள். ஒரு பொடி மண் இல்லையே என்றார் ஒருவர். எவ்வளவு சமமாகப் பரவியிருக்கிறது, மனுஷன் கைபட்டால் இப்படி வருமா என்று ஒரு ரிட்டயர்டு தாசில்தார் நெகிழ்ந்தார். அன்று கலியன் சாப்பிடவில்லை.

கும்பாபிஷேகத்துக்கு முன்னால் பழைய கல் வேலைகளைப் பார்வையிட மலர்கொடி என்ற கல்வெட்டு அதிகாரி வந்தார். கமிட்டி முழுக்க வரிசையாக நின்று வரவேற்றது. அவர் பிராகாரத்தில் கால் வைக்காமல் வாசலிலேயே நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு ஓரமாக நடந்துபோய்க் கருவறையின் அடிப்பகுதியில் விரலை வைத்தார். சுண்ணாம்பு பொரிந்து, பாளம் பாளமாக உதிர்ந்தது. சுண்ணாம்போடு கல்லின் தோலும் உதிர்ந்தது. உப்பு கல்லுக்குள் ஏறித் தின்றிருக்கிறது என்று அவர் சொன்னபோது பாலகுரு அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டார்.

“இந்த உப்பு எப்படி வந்துச்சு?” என்று கேட்டார் மலர்கொடி.

“தானா பூத்ததுங்க மேடம். ஈஸ்வரன் செயல். கலியன் கூடவே இருந்து பாத்தவரு, கேளுங்க.”

எல்லோரும் கலியனைப் பார்த்தார்கள். பாலகுரு கொஞ்சம் அழுத்தமாகவே பார்த்தார். அந்த நேரத்தில் கலியனின் கால்கள் சுத்தமாக ஆறியிருந்தன. இரண்டு வருஷமாக ராத்திரி எரிச்சல் இல்லாமல் தூங்குகிறார். ஒரே வாக்கியம்தான், பலமுறை சொல்லிப் பழகியது.

“தானா பூக்கறதுக்கு இது என்னாங்க, மல்லியா?” என்றார் கலியன். “நாந்தான் மிதிச்சேன்.”

குருக்கள் இருமினார். கலியன் நிறுத்தவில்லை.

“நல்லா அமுக்கிப் பாருங்க, வெரல் எறங்காது. நீல மண்ணு. நம்ம பாத்தியிலேருந்து நானே கொண்டாந்து போட்டது. ரெண்டு வாட்டி மண்ணு போட்டு மிதிச்ச இந்த மாரி தரை மரக்காணத்துல வேற எங்கனா இருந்தா காட்டச் சொல்லுங்க. சாமி பூத்துச்சாம்.”

“உப்பு மண்ணையா கோயிலுக்குள்ள கொட்டுனீங்க?”

“வேற எந்த மண்ணுங்க இப்படி நிக்கும்?” என்று பெருமையோடு கேட்டார் கலியன்.

தாங்கள் கட்டாத கோயிலையும் தாங்கள் கட்டியதாகச் சொல்லிக்கொண்ட மன்னர்கள் உண்டு. பழைய பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டுத் தங்கள் பெயரை வெட்டிக்கொண்டவர்களும் உண்டு. தான் செய்த வேலையை இன்னொருவர் பெயருக்கு, அது சிவபெருமானே ஆனாலும், விட்டுக்கொடுத்த மன்னர் ஒருவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அந்த ஒரு விஷயத்தில் கலியன் பூரண ராஜலட்சணம் பொருந்தியவர்.

மலர்கொடி மிச்சமிருந்த சுண்ணாம்பை மெதுவாக எடுத்துவிட்டு எழுத்தைப் படித்தார். ஒரு அணையா விளக்குக்காக யாரோ ஆடுகள் கொடுத்த செய்தி ஒழுங்காகவே இருந்தது. அதற்கு முன்னால் ராஜாவின் பெயர் இருக்க வேண்டிய இடம் வழுவழுவென்று கிடந்தது. ‘ற்கு யாண்டு’ என்று மட்டும் மிஞ்சியிருந்தது. இன்னாருடைய ஆட்சியில் இத்தனையாவது ஆண்டு என்பதில் இன்னார் போய்விட்டார். எந்தப் பகைவனும் செய்யாததைக் கலியனின் களிமண் இரண்டு கோடையில் செய்துவிட்டது. அந்த ‘ற்கு’ தங்கள் ராஜாவுடையதுதான் என்று பல்லவன் கட்சியும் சோழன் கட்சியும் அன்று மாலையே டீக்கடையில் உறுதி செய்துகொண்டன.

தரை முழுவதையும் தோண்டி எடுத்து, நல்ல தண்ணீர் விட்டுக் கல்லை அலம்பி, வெளியே வடிகால் போட்ட பிறகுதான் மற்றதெல்லாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மலர்கொடி போனார். கும்பாபிஷேகம் தள்ளிப்போனது. அவருடைய ஜீப் ஈசிஆர் ஏறுவதற்குள் பாலகுரு கலியனை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். பேனரை அவரே அவிழ்த்து, படத்தைப் பார்த்துவிட்டு, மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனார்.

சுலோசனா விஷயத்தைக் கேட்டுக்கொண்டே சோறு போட்டார். குழம்பை ஊற்றும்போது ஆரம்பித்தார்.

“வாய மூடினு இருந்தா என்னா? சாமி மிதிச்சதுன்னே இருந்துட்டுப் போவட்டும். சாமி வந்து கூலி கேக்கப்போவுதா?”

“சாமிக்கு மிதிக்கத் தெரியாதுடி” என்றார் கலியன்.

“உன் கால் ஆறினது சாமிக்குப் பொறுக்கல.”

கலியன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

பிராகாரத்தைத் தோண்ட வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கடப்பாரை தரையில் பட்டுத் துள்ளியது. ஒரு வாரத்தில் முடியும் என்று ஒப்புக்கொண்ட மேஸ்திரி, எந்தப் பாவி இதைக் கெட்டிப்படுத்தியது என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். இதைப் பாலகுரு பக்கத்தில் நின்று கேட்டார். கமிட்டித் தலைவராக அவருக்கு வயிறு எரிந்தது. பாத்திக் குத்தகைக்காரராக அவர் வேறு எதையோ யோசித்தார்.

அந்த வருஷ மழை முடிந்து பொங்கல் கழிந்த மறுநாள் அவர் கலியன் வீட்டு வாசலில் வந்து நின்றார். போன வருஷம் அவருடைய பாத்திகளை மிதித்த ஆட்கள் சரியில்லை. உப்பில் பாதி மண். சுற்றி வளைத்து ஊர் நிலவரம் பேசினார், மழை பற்றிப் பேசினார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

“அங்க மிதிச்ச மாரியே நம்ம பாத்தியிலயும் மிதிச்சுக் குடுத்துடு கலியா.”

கலியன் தன் குதிகாலைப் பார்த்தார். வெடிப்பு இருந்த இடத்தில் புதுத்தோல் வந்திருந்தது. கதவுக்குப் பின்னால் சுலோசனாவின் வளையல் சத்தம் கேட்டு நின்றது.

“எங்கன்னு சொல்லு” என்றார் கலியன்.

“என்னா எங்க?”

“எங்க மிதிச்ச மாரி? யாரு மிதிச்சது? அத வாயால சொல்லு, வர்றேன்.”

பாலகுரு தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். எதிர்வீட்டில் ஒரு அம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

“கோயில்ல. நீ மிதிச்சது” என்றார், தாழ்ந்த குரலில்.

எதிர்வீட்டு அம்மாளுக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொல்லச் சொன்னார் கலியன். பாலகுரு சொன்னார். கலியன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உப்பளத்துக்குக் கிளம்பினார்.